திப்பி மலிவுதான்... புரதக் கணக்கு எங்கே?

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம், சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளி அறுவடை தொடங்கியதும் மாட்டுக் கொட்டகையிலும் தீவனம் மாறிவிடும். இந்தப் பக்கம் அதற்குக் குச்சிக்கிழங்கு என்றுதான் பெயர். கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி, மாட்டுத் தீவனமாக ஊருக்குத் திரும்பி வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜவ்வரிசி இறக்குமதி தடைபட்டபோது சேலத்தில் வேரூன்றிய தொழில் இது. அன்றிலிருந்தே திப்பியும் மாட்டுத் தொட்டியில் இருக்கிறது.

புண்ணாக்கு விலையும் கலப்புத் தீவன மூட்டை விலையும் ஏறும்போது விவசாயியின் கை முதலில் திப்பியைத்தான் தேடுகிறது. அதில் தவறு எதுவும் இல்லை. எதற்குப் பதிலாகத் திப்பியைப் போடுகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது.

கடந்த பருவத்தில் நைனார்பாளையம் அருகே ஒரு கொட்டகையில் இதை நேரில் பார்த்தேன். கலப்பினக் கறவை மாடு. கன்று போட்டு நான்கு மாதம். புண்ணாக்கு கட்டுப்படியாகவில்லை என்று பாதியைக் குறைத்து, அந்த அளவுக்குத் திப்பி சேர்த்திருக்கிறார்கள். முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. மாடு விரும்பித் தின்றது, வயிறும் நிறைந்தது. மூன்றாவது வாரத்தில் பால் இறங்கத் தொடங்கியது. விலா எலும்பு தெரிந்தது, மாடு பருவத்துக்கும் வரவில்லை. மாட்டுக்கு ஏதோ நோய் என்றுதான் அந்த அம்மா நினைத்திருந்தார். மாட்டுக்கு நோய் இல்லை. வயிறு நிறைந்த பட்டினி.

நான் உழவியல் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் பயிர்க் கழிவு எங்கே போகிறது, அதில் என்ன சத்து மிஞ்சுகிறது என்பது உழவியலின் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சில கணக்குகளை இங்கே சொல்கிறேன்.

திப்பியில் என்ன இருக்கிறது?

உலர்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அந்த வகையில் இது மக்காச்சோளத்தைப் போல எரிசக்தி தரும் தீவனம். புரதம் என்று பார்த்தால் 100 கிலோ உலர்ந்த திப்பியில் 2 முதல் 3 கிலோதான். மக்காச்சோளத்தில் சுமார் 9 கிலோவும், கோதுமைத் தவிட்டில் சுமார் 15 கிலோவும், கடலைப் புண்ணாக்கில் சுமார் 42 கிலோவும் புரதம் உண்டு.

மாட்டின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் செரிக்க வைப்பவை அவைதான். அவற்றுக்கு மாவுச்சத்தும் புரதமும் ஒரே நேரத்தில் வேண்டும். மாவுச்சத்து மட்டும் கிடைத்து, புரதம் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருகாது. அப்போது தின்ற வைக்கோலும் சரியாகச் செரிக்காது. திப்பியை மட்டும் கூட்டினால், ஏற்கெனவே போடும் உலர் தீவனமும் வீணாவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டிலேயே அடர் தீவனம் கலப்பவர்கள் 100 கிலோவுக்கு இப்படிக் கலப்பதாக வைத்துக்கொள்வோம்: மக்காச்சோளம் 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25 கிலோ, உளுந்து அல்லது துவரம் பொட்டு 20 கிலோ, கோதுமைத் தவிடு 17 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு 1 கிலோ. பொட்டில் 15 சதவீதம் புரதம் என்று வைத்தால், இந்தக் கலவையில் மொத்தப் புரதம் சுமார் 19.2 கிலோ.

* மக்காச்சோளத்தில் 15 கிலோவைக் குறைத்து, அதற்குப் பதில் 15 கிலோ உலர்ந்த திப்பி சேர்த்தால் புரதம் 18.2 கிலோவாகக் குறையும். இதைச் சரிசெய்துவிடலாம்.

* புண்ணாக்கில் 15 கிலோவைக் குறைத்து, அதற்குப் பதில் திப்பி சேர்த்தால் புரதம் 13.3 கிலோவாகச் சரிந்துவிடும்.

இரண்டிலும் சேர்த்த திப்பி ஒரே அளவுதான். ஆனால் பாதிப்பில் ஆறு மடங்கு வித்தியாசம்.

நாளொன்றுக்கு 4 கிலோ அடர் தீவனம் தின்னும் மாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முதல் கலவையில் 768 கிராம் புரதம் கிடைக்கும். புண்ணாக்கைக் குறைத்த கலவையில் 532 கிராம்தான். இழப்பு 236 கிராம். 4 சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பால் சுரக்கச் சுமார் 90 கிராம் புரதம் வேண்டும். அப்படியானால் இரண்டரை லிட்டர் பாலுக்கான புரதம் தொட்டியிலிருந்து காணாமல் போகிறது. மாடு உடனே இரண்டரை லிட்டரைக் குறைத்துவிடாது. முதலில் தன் உடம்பைக் கரைத்துப் பால் தரும். பிறகு பால் குறையும். அடுத்து பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். சினை பிடிக்காமல் போகும் ஒவ்வொரு மாதமும், திப்பியில் மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும்.

விலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். உலர்ந்த திப்பி கிலோ 15 ரூபாய், கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை விலையில் திப்பி மலிவு. ஆனால் ஒரு கிலோ புரதம் எவ்வளவுக்கு வருகிறது? புண்ணாக்கில் சுமார் 119 ரூபாய். திப்பியில் 600 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்: கிலோ விலையைப் புரதச் சதவீதத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் போதும்.

திப்பி சேர்த்த சரியான கலவை

மேலே சொன்ன கலவையிலேயே திப்பியைச் சேர்க்க விரும்பினால், 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 20, உலர்ந்த திப்பி 15, கடலைப் புண்ணாக்கு 28, பொட்டு 20, கோதுமைத் தவிடு 14, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 கிலோ என்று மாற்றலாம். இதில் புரதம் சுமார் 19 கிலோ. ஏறக்குறைய முன்பிருந்த அளவேதான். சோளத்தில் 15 கிலோ மிச்சம். புண்ணாக்கில் 3 கிலோ மட்டும் கூடுதல். திப்பியால் கிடைக்கும் நியாயமான லாபம் இதுதான்.

அடர் தீவனத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்கு மேல் திப்பி வேண்டாம். புதிதாகத் தொடங்கும்போது ஒரேயடியாக மாற்றாமல், 10 முதல் 14 நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திடீரென்று அதிகமாகப் போட்டால் வயிற்றில் அமிலம் கூடி, அசை போடுவது நின்று, சாணம் தண்ணீராகப் போகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும் குட்டிக்கும் திப்பி வேண்டவே வேண்டாம். வளரும் வயதில் அவற்றுக்கு வேண்டியது புரதம். திப்பி தின்ற குட்டிக்கு வயிறு பெருக்கும், முதுகு பெருக்காது.

ஈரத் திப்பி வாங்குவோர் கவனத்துக்கு

ஆலையிலிருந்து நேராக வரும் ஈரத் திப்பியில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர்தான். 100 கிலோ வாங்கினால் 20 கிலோ திப்பியும் 80 கிலோ தண்ணீரும் வாங்குகிறோம். ஈரத் திப்பி கிலோ 3 ரூபாய் என்றால், உலர்ந்த கணக்கில் அது 15 ரூபாய். வண்டி வாடகை தனி.

ஈரத் திப்பி ஓரிரு நாளில் புளித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வந்த அன்றே சுத்தமான களத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, கிளறிவிட்டுக் காயவைக்க வேண்டும். மண் தரையிலும் சாலை ஓரத்திலும் காயவைத்த திப்பியில் மணல் சேர்ந்திருக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கிவிடும், வாங்கும்போதே பார்த்துவிடலாம். கறுத்த, பச்சை படர்ந்த, புழுங்கல் நாற்றம் அடிக்கும் திப்பியை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் ஆடு மாடுகளைத் தண்ணீர் குடிக்க விடுவதும் ஆபத்து.

இலையில் புரதம், நஞ்சும் அங்கேதான்

குச்சிக்கிழங்குச் செடியில் புரதம் இருப்பது இலையில். உலர்ந்த இலையில் 20 முதல் 25 சதவீதம் வரை புரதம் உண்டு. அறுவடையின்போது குச்சியை விதைக் கரணைக்கு எடுத்துக்கொண்டு, இலையை வயலிலேயே விட்டுவிடுகிறோம். நைனார்பாளையத்திலும் சரி, மரவள்ளி பயிராகும் கல்வராயன் மலையிலும் சரி, புண்ணாக்குக்குப் பாதி ஈடாகும் தீவனம் வரப்பில் காய்ந்து வீணாகிறது.

இதை ஒரு விவசாயிகள் கூட்டத்தில் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன். இலையில் இவ்வளவு புரதம் இருக்கிறது, ஆட்டுக்குப் போடுங்கள் என்று பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். குச்சிக்கிழங்குக் காட்டில் புகுந்து மேய்ந்த தன் ஆடுகள் வரப்பைத் தாண்டுவதற்குள் விழுந்து செத்ததைச் சொல்லி, அந்த இலையையா போடச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். புரதத்தின் அளவைச் சொன்ன நான், நஞ்சின் அளவையும் அதை நீக்கும் முறையையும் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து ‘உலர்ந்த’ என்ற சொல் இல்லாமல் ‘மரவள்ளி இலை’ என்று எந்தக் கூட்டத்திலும் நான் சொல்வதில்லை.

நஞ்சு வேலை செய்யும் விதம்

மரவள்ளியின் எல்லாப் பகுதியிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் சதையைவிடத் தோலிலும், அதைவிட இலையிலும் அதிகம். இலை நசுங்கும்போதும் மெல்லப்படும்போதும் அது உடைந்து ஹைட்ரோசயனிக் அமிலமாக, அதாவது சயனைடு நஞ்சாக மாறுகிறது. அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் இந்த மாற்றத்தை இன்னும் விரைவாக்கும். பன்றியைவிட ஆடும் மாடும் இந்த நஞ்சுக்கு எளிதில் பலியாவது இதனால்தான்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் நஞ்சு உயிரைப் பறிக்கப் போதுமானது. 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம். பச்சை இலையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். 200 மில்லிகிராம் என்று குறைவாக வைத்தாலும், பசியோடு இருக்கும் ஆடு 200 கிராம் இலையை அவசரமாகத் தின்றால் கணக்கு முடிந்தது. அது சில கைப்பிடி இலைதான். வறட்சியில் வாடி நிற்கும் செடியிலும், இளங்கொழுந்திலும் நஞ்சு கூடுதல். பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், வறட்சிக்குப் பின் துளிர்த்த மறுதாம்புச் சோளத்திலும் இருப்பது இதே நஞ்சுதான்.

அறிகுறிகள் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே தெரியலாம். மூச்சு வேகமாகும், வாயில் நுரை தள்ளும், நடை தள்ளாடும், கண்ணின் உட்சவ்வு பளிச்சென்று சிவக்கும். பிறகு கீழே விழுந்து காலை உதைக்கும். இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடல் அணுக்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போவதே காரணம்.

உடனே மந்தையை வயலிலிருந்து வெளியே ஓட்டிவிட்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மாற்று மருந்துகளை மருத்துவர் நரம்பு வழியாகச் செலுத்துவார். நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்கும். விழுந்து கிடக்கும் ஆட்டின் வாயைத் தூக்கி எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். இறந்த ஆட்டை இறைச்சிக்கு விற்காமல் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இலையை உலர் தீவனமாக்கும் முறை

நஞ்சாகும் அதே வேதி மாற்றத்தை மாட்டின் வயிற்றுக்கு வெளியே, களத்திலேயே நடத்தி முடித்துவிட்டால் இலை தீவனமாகிவிடும். வெளியேறும் நஞ்சு காற்றில் கலந்து போய்விடும்.

* அறுவடை நாளில் இலையையும் இளந்தண்டையும் சேகரித்து, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்குவதை விடக்கூடாது. நறுக்கினால்தான் அணுக்கள் உடைந்து நஞ்சு வெளியேறும்.

* சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, 2 முதல் 3 நாள் நல்ல வெயிலில் அவ்வப்போது கிளறிவிட்டுக் காயவைக்க வேண்டும். நறுக்கும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யவும்.

* கையில் எடுத்துக் கசக்கினால் சருகாக நொறுங்க வேண்டும். பச்சை மணம் இருந்தால் இன்னும் ஒரு நாள்.

* சாக்கில் நிரப்பி, ஈரம் படாத இடத்தில் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயில் கிடைக்காது. அப்போது நறுக்கிய இலையுடன் 100 கிலோவுக்கு அரை கிலோ உப்பும் 5 கிலோ வெல்லப்பாகும் கலந்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலோ பேரலிலோ அழுத்தி மூடி, 2 மாதம் கழித்து ஊறுகாய்ப் புல்லாகப் பயன்படுத்தலாம்.

கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ உலர்ந்த இலையில் தொடங்கி, 1 முதல் 2 கிலோ வரை போகலாம். வளர்ந்த ஆட்டுக்கு 100 முதல் 150 கிராம் போதும். தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் மேத்தா வனபட் என்ற விஞ்ஞானி இந்த உலர் இலைத் தீவனத்தைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 கிலோ கொடுத்தபோது அடர் தீவனத் தேவை குறைந்தது, பாலும் கூடியது என்பது அவரது முடிவு. அங்கே இதற்காகவே பயிரை நட்டு, மூன்றாம் மாதத்திலிருந்து அறுக்கிறார்கள். நமக்குக் கிழங்குதான் முக்கியம். எனவே நிற்கும் பயிரில் இலையைக் கழித்தால் கிழங்கு சிறுத்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அறுவடை நாள் இலையே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் மாவட்டங்களிலும் பரவி, பலர் மருந்து தெளிக்கிறார்கள். அண்மையில் மருந்தடித்த வயலின் இலையைத் தீவனத்துக்கு எடுக்கவே கூடாது. இதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி 2022 முதல் வயல்களில் விடப்படுகிறது. மருந்தைக் குறைத்தால் குளவியும் பிழைக்கும், இலையும் தீவனமாகும்.

மெல்ல வரும் பாதிப்பு

கொல்லாத அளவு நஞ்சும் சும்மா இருப்பதில்லை. அரைகுறையாகக் காய்ந்த இலையையும் கிழங்குத் தோலையும் தினமும் தின்னும் ஆட்டின் உடல், அந்த நஞ்சைத் தயோசயனேட் என்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. இதற்குக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் தின்ற புரதத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய புரதம் நஞ்சை முறிக்கப் போய்விடும். எடை ஏறாது. உருவான தயோசயனேட் உடல் அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். சினை ஆடு இப்படித் தின்றால் கழுத்து வீங்கிய, வலுவில்லாத குட்டிகள் பிறக்கலாம்.

மருந்து எளிது. தீவனத்தில் அயோடின் கலந்த உப்பு, தரமான தாது உப்புக் கலவை, கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு. கந்தகமுள்ள மெத்தியோனின் சத்து எள்ளுப் புண்ணாக்கில் அதிகம். சினை ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் மரவள்ளி இலையைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம்

இந்த வட்டாரத்தின் அடுத்த பயிர் மக்காச்சோளம். அறுவடையில் மழை பிடித்துவிட்டால் கறுத்த மணிகளை வியாபாரி ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. 14 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மணியில் பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். தீவனம் எடுப்பது குறையும், வளர்ச்சி நிற்கும், நோய் எதிர்ப்பு போகும். வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. பாலிலும் இறங்கும்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று இறந்தன. காரணம் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு அகப்பட்டது. அஃப்ளடாக்சினை உலகம் அறிந்ததே அப்போதுதான். மாட்டுத் தீவனத்தில் இது 100 கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணால் இதை அளக்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். பத்து இருபது பேர் சேர்ந்து மொத்தமாகத் தீவனம் வாங்கும்போது ஒரு மாதிரியை அனுப்புவது வீண் செலவல்ல.

எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் டி.டி.ஜி.எஸ். என்ற தீவனமும் இப்போது சந்தையில் புழங்குகிறது. புரதம் நிறைந்தது, புண்ணாக்கைவிட மலிவு. ஆனால் மணியிலுள்ள மாவுச்சத்து எத்தனாலாகப் போனபின் மிஞ்சுவது இது. மணியில் பூஞ்சை நஞ்சு இருந்திருந்தால் இதில் சுமார் மூன்று மடங்காகச் செறிந்திருக்கும். பரிசோதனைச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

தட்டை, கொழுந்தாடை, அசோலா

மக்காச்சோளத் தட்டையும் வைக்கோலும் வயிற்றை நிரப்பும், புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ உலர் தட்டைக்கு அல்லது வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் புரத மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். யூரியாவை நேரடியாகத் தீவனத்தில் கலப்பதோ, யூரியாத் தண்ணீரை மாடு குடிக்க விடுவதோ உயிருக்கு ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு யூரியா வைக்கோல் கூடாது.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் காலத்தில் கொழுந்தாடை தாராளமாகக் கிடைக்கும். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கறவை மாட்டுக்கு அதை மட்டுமே போடாமல், வேறு பசுந்தீவனத்துடன் கலந்து, தாது உப்புக் கலவையையும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

அசோலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல தீவனம்தான். ஆனால் ஒரு கிலோ அசோலாவில் 930 கிராம் தண்ணீர். மீதி 70 கிராமில் 17 கிராம் அளவுக்குப் புரதம். 40 கிராம் கடலைப் புண்ணாக்கில் கிடைப்பது அவ்வளவுதான். தினம் 2 கிலோ அசோலா போட்டு, அதை நம்பி ஒரு கிலோ அடர் தீவனத்தைக் குறைப்பவர் நஷ்டப்படுவார்.

நாடாவும் நோட்டும்

புதிய தீவனம் மாட்டுக்கு ஒத்துப்போகிறதா என்று அறிய ஆய்வகம் வேண்டாம். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலை, மாலைப் பால் அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாற்றியபின் நான்கு வாரம் எழுதுங்கள். சாணம் தளர்கிறதா, அசை போடுவது குறைகிறதா என்று பாருங்கள். பால் சங்கத்தில் தரும் கொழுப்பு அளவையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குத் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் வரும். சுற்றளவு 28, நீளம் 24 அங்குலம் என்றால் எடை சுமார் 28.5 கிலோ. மாதம் ஒருமுறை அளந்தால், வளர்வது உடம்பா வயிறா என்று தெரிந்துவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாற்றுத் தீவனத்தைப் பரிந்துரைக்கும்போது அதன் சத்தை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எதற்குப் பதில், எவ்வளவு, எப்படிப் பக்குவப்படுத்துவது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. சந்தேகத்துக்கு அங்கே கேட்கலாம்.

நைனார்பாளையத்துக் கொட்டகையில் புண்ணாக்கைப் பழைய அளவுக்கு உயர்த்தி, திப்பியைச் சோளத்தின் இடத்துக்கு மாற்றச் சொன்னேன். தாது உப்பும் சேர்த்தார்கள். பால் மெல்ல மெல்ல ஏறியது. மாடு பருவத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. திப்பி இன்றும் அந்தத் தொட்டியில் இருக்கிறது. அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில்.